பள்ளத்துப் பங்கு

லில் நகரத்தில் டிராம் ஓட்டிக்கொண்டிருந்த கிஸ்லேன், ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்றுவிட்டு மோன்வால் கிராமத்துக்குக் குடிவந்தாள். அவளுடைய தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்கென்ன பைத்தியமா? மாடும் மரமும்தான் இருக்கு அங்க. பேச ஒரு ஆள் வேணாமா?" என்று போனில் கத்தினாள். கிஸ்லேன் சிரித்தாள். பேச ஆள்தான் கிடைத்துவிட்டாளே!

எதிர்வீட்டு யூகெத்தான் அந்த ஆள். வயதில் ஐந்தாறு வருஷம் மூத்தவள். சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிவரை கேட்கும். கிஸ்லேன் வந்த மறுநாளே வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ரோஜாவை இப்பவா வெட்டுறே? கொலைகாரி!" என்றாள். சிநேகிதம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் "வணக்கம் மேடம்" என்று தலையாட்டுவதோடு சரி. ரொட்டி வண்டி வந்து நிற்கும்போதுகூட, கிஸ்லேன் பக்கத்தில் போனால் ஊர்ப்பேச்சு நின்று மழையைப் பற்றிய பேச்சாகிவிடும். யூகெத் ஒருத்தி இல்லையென்றால் அவள் சுவரோடுதான் பேசியிருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் யூகெத்தின் புருஷன் ரேமோன் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்த சாயங்காலம், இத்தனை சொந்தபந்தம் இருக்க, யூகெத் வந்து உட்கார்ந்தது கிஸ்லேனின் சமையலறையில்தான். கிஸ்லேனுக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

நவம்பரில் ஊர்க்காட்டு விறகுக்குச் சீட்டுப் போடுவார்கள். அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றுக்கும் காட்டில் ஒரு பங்கு உண்டு. எந்தச் சீட்டு கையில் வருகிறதோ அந்தப் பங்கைத்தான் வெட்ட வேண்டும். இந்த வருஷம் வெட்டுகிற மரம் காய்ந்து அடுப்புக்கு வர இரண்டு வருஷமாகும். ஆகவே சீட்டு எடுக்கிறவர், இரண்டு வருஷம் கழித்தும் நான் இங்கேதான் இருப்பேன் என்று ஊர் முன்னால் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஊர்க்கூடத்தில் மேயர் தன் தொப்பியைக் கழற்றிச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். கிஸ்லேன் எழுந்ததுமே பால்பண்ணைக்காரன் ரெஜீஸ் ஆரம்பித்துவிட்டான்.

"லில்காரம்மாவுக்கு எதுக்குங்க சீட்டு? விறகு காயறதுக்குள்ள மூட்டையக் கட்டிடுவாங்க!"

கூடம் சிரித்தது. கிஸ்லேன் எடுத்த சீட்டைப் பிரித்தால் ரோட்டோரம் சமநிலத்துப் பங்கு, முதல்தரம்.

"பாருய்யா, டிராம் நிக்கிற இடமாப் பார்த்து எடுத்துட்டாங்க!" என்றான் ரெஜீஸ். இந்தத் தடவை கிஸ்லேனும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்து யூகெத். எப்போதும் ரேமோன் எடுக்கிற சீட்டு. கூடம் அடங்கிப்போயிற்று. அவள் எடுத்துப் பிரித்து, "பள்ளம்" என்றாள். ஓடைக்கு இறங்குகிற செங்குத்துச் சரிவு அது. வெட்டுவதாவது பரவாயில்லை, வெட்டியதை மேலே ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

கிஸ்லேனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "யூகெத், என்னோடதை நீ எடுத்துக்கோ. பள்ளத்தை நான் பார்த்துக்கறேன். பாவம், நீ தனியா என்ன பண்ணுவே?" என்றாள்.

யூகெத்தின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"ரொம்ப நன்றி, மேடம். எங்க வீட்டு அடுப்பு இன்னும் அணையல. என் பங்கை நானே வெட்டிக்குவேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

நீ, வா, போ என்றிருந்தவள் ஊரார் முன்னால் மேடம் என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட கிஸ்லேனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வெளியே வரும்போது மேயர் ரகசியக் குரலில் சொன்னார்: "இங்க சீட்டை யாரும் மாத்திக்கிறதில்லைங்க. மாத்தினா அந்த வீட்ல வெட்ட ஆளில்லைன்னு அர்த்தம். வீடு முடிஞ்சுபோச்சுன்னு சொல்ற மாதிரி. முடியாதவங்களுக்கு நாங்க செய்யாம இல்ல. சத்தமில்லாமப் போய் வெட்டி, வாசல்ல போட்டுட்டு வந்துடுவோம்."

கிஸ்லேனுக்கு நல்ல மனசுதான், யார் இல்லையென்றார்கள்? அதை இப்படிக் கூட்டத்தில் எடுத்து விரித்திருக்க வேண்டாம்.

யூகெத் வீட்டில் தெருப்பக்கத்து ஜன்னல்கள் சாத்தியபடியே கிடந்தன. கிஸ்லேன் ஆப்பிள் கேக் செய்து வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை அது அப்படியே இவள் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. ரொட்டி வண்டியருகே யூகெத் அவளைத் தாண்டி வானத்தைப் பார்த்தாள். டிசம்பர் பாதியில் கிஸ்லேன் தங்கைக்குப் போன் செய்து, "உன் வீட்டு மாடி அறை காலியா இருக்கா?" என்று கேட்டாள். தங்கை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "எப்ப வர்றே?" என்றாள்.

போவது என்று முடிவானபின்தான் ரோஷம் வந்தது. ரெஜீஸ் சொன்னபடியே ஆகிவிட்டதென்று ஊர் சிரிக்கக் கூடாது, ஒரு மரமாவது வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் கிளம்புவது. புது ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனாள். இருப்பதிலேயே ஒல்லியாக ஒரு மரத்தைப் பார்த்து அறுத்தாள். அது பாதி சாய்ந்து, பக்கத்து ஓக் மரத்தின் கவையில் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், தள்ளினாள், அதன் ஏழு தலைமுறையையும் திட்டினாள். அசையவில்லை. கீழே ஜனங்கள் நடக்கிற பாதை. அப்படியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

பக்கத்துப் பள்ளத்திலிருந்து இன்னொரு ரம்பத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது யாரென்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு சரிவின் விளிம்புக்குப் போய்க் குனிந்து கத்தினாள்.

"யூகெத்! மரம் மாட்டிக்கிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் வந்து பாரேன்!"

ரம்பம் நின்றது. யூகெத் கடப்பாறையும் கயிறுமாக, மெதுவாக, நின்று நின்று மேலேறி வந்தாள். மரத்தைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இப்படி வெட்ட யாரு சொல்லிக்குடுத்தா? உன் டிராமா?"

"என்னைத் திட்டு, பரவாயில்ல. முதல்ல இதை இறக்கு."

"தள்ளி நில்லு. உன்னையும் சேர்த்து எடுத்து அடக்கம் பண்ண எனக்குத் தெம்பில்ல."

நீள இரும்புக் கடப்பாறையை அடிமரத்தில் கொடுத்து யூகெத் நெம்ப, கிஸ்லேன் எட்ட நின்று, மரத்தில் கட்டிய கயிற்றை இழுத்தாள். மரம் உருண்டு, கிளைகள் முறிய, தொப்பென்று விழுந்தது. இருவரும் அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றாள் கிஸ்லேன்.

"தப்புதான். நான் அழுவேனான்னு மொத்த ஊரும் பார்த்துக்கிட்டிருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நீ எழுந்து, இதோ பாருங்க, நாதியில்லாதவன்னு காட்டிட்டே."

கிஸ்லேன் உடையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினாள். "நான் லில்லுக்கே போயிடலாம்னு இருக்கேன்."

யூகெத் கிழிந்த கையுறையைக் கழற்றி, கொப்புளம் கட்டிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஊருக்கே கேட்கிற அந்தக் குரலைப் பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும் எட்டும்படி தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பள்ளத்துல பாதிகூட முடியல. அவரோட ரம்பம் கனக்குது. ஒரு கட்டையை மேல ஏத்தறதுக்குள்ள உட்கார்ந்து உட்கார்ந்து... என்னால முடியலடி. நாளைக்கு வர்றியா?"

ஐயோ பாவம், கட்டாயம் வர்றேன், நீ கவலைப்படாதே என்றெல்லாம் கிஸ்லேனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனையையும் விழுங்கினாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"விடியறப்ப வா. ஊர் எந்திரிக்கிறதுக்குள்ள."

கிஸ்லேன் தலையாட்டினாள்.