இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பிரசவம்

நாவலாசிரியர் அச்சகத்துக்குள் நுழைந்தபோது முகத்தில் ஒரு தியாகியின் களை இருந்தது. மூன்று வருடம் பெண்ணாகவே வாழ்ந்து எழுதிய நாவல். கடைசி மெய்ப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிற்பகலே அச்சுக்கு ஏறிவிடும். ‘ஆணாகப் பிறந்தும் பெண்ணின் குரலில் பேசியவர்’ என்று பின்னட்டைக்கு அவரே எழுதிக் கொடுத்திருந்தார், யாரோ சொல்வது போல.

மெய்ப்புத் திருத்தும் அம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாள்களை அவர் பக்கம் தள்ளினாள். இருபது வருடமாக ஊரார் புத்தகங்களுக்கு ஒற்றுப் போட்டே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அட்டை, முன்னுரையெல்லாம் அவளிடம் வராது, வெறும் பக்கங்கள்தான்.

“பிழை அதிகமில்ல சார். ஒரே ஒரு எடம்தான் விளங்கல. இருநூத்திப் பன்னெண்டு.”

புரட்டினார். ‘என் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது.’ ‘என்’னைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் கேள்விக்குறி.

“இதுல என்னம்மா தப்பு?”

“பிரசவம் அவருக்கு எப்பிடி சார் ஆகும்?”

“எவருக்கு?”

“கதை சொல்றாரே, அந்த மனுஷனுக்கு.”

நாவலாசிரியருக்குக் காதுக்குள் கொய்ங் என்றது. “அம்மா… அது பொம்பளைம்மா.”

இப்போது அதிர்ந்தது அவள். கண்ணாடி தானாக மூக்குக்கு இறங்கியது.

“பொம்பளையா! முழுக்க ‘நான் போனேன், நான் வந்தேன்’னுதானே இருக்கு. நம்ம மொழியில ‘நான்’னா ஆணா பொண்ணா, யாரு கண்டா?”

“புருஷன் வர்றாரேம்மா!”

“எங்க வர்றாரு?”

“‘அவர்’, ‘அவர்’னு வருதே. கணவன்ங்கிற வார்த்தையே புத்தகத்துல வரக்கூடாதுன்னு ஒரு கொள்கை…”

“அட கடவுளே, அவரா? நான் மேலதிகாரின்னு நெனச்சேன். எந்நேரமும் வீட்டுலயே உக்காந்திருக்காரேன்னு பாத்தேன்.”

“சரிம்மா, ஒரு பொண்ணோட வலி தெரியலையா?”

“வலிக்கெல்லாம் கொறச்சல் இல்ல சார். ஆனா பாருங்க.” மளமளவென்று பக்கங்களைப் புரட்டினாள். “‘எழுந்தேன். காபி வந்தது.’ நாப்பதாம் பக்கம், ‘துணி காய்ந்து மடிப்போடு இருந்தது.’ இருநூத்தி அறுவது, ‘குழந்தை குளித்திருந்தது.’ மூணு மாசக் கொழந்த சார்! யாரு குளிப்பாட்டுனா? எல்லாம் தானா நடக்குது, இவங்க ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டு விடுதலையப் பத்தி யோசிக்கிறாங்க. யாரோ ஆம்பளை எழுத்தாளர் சொந்தக் கதைய எழுதியிருக்காரோன்னு…” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நாவலாசிரியர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். தன் வீட்டில் காபி எப்படி வருகிறது என்று யோசித்தார். வந்துகொண்டிருந்தது, அதற்குமேல் தகவல் இல்லை.

“நீங்களே அங்கங்க கொஞ்சம் சரி பண்ணிடுங்களேன். நாலு வரி, பொம்பளை மாதிரி.”

“அதெல்லாம் நான் எழுதினா புத்தகம் என்னுதாயிடும் சார்.” கொஞ்சம் இரக்கப்பட்டாள். “சுளுவா ஒரு வழி இருக்கு. அந்த ‘என்’ன மட்டும் எடுத்துருங்க. மத்ததெல்லாம் அப்பிடியே நிக்கும். ஆம்பளைக் கதையாப் போட்டுடலாம்.”

மூன்று வருடப் பெண்மை இரண்டே எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்ததா! சும்மா பார்ப்போம் என்று பேனாவால் ஒரு கோடு இழுத்தார். வாய்விட்டுப் படித்தார்.

‘பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது.’

எங்கும் இடிக்கவில்லை. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் விட்ட மூச்சு அப்படியே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

“ஐயோ, இது நான்தானே!” என்றார். தாள்களை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அம்மா, மெஷினை நிறுத்தச் சொல்லுங்க!”

“அது இன்னும் ஓடவே ஆரம்பிக்கல சார்,” என்றாள் அம்மாள்.