கால்நாட்டு

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நில அலுவலகத்தில் நானூற்றுப் பதினேழு நாரைகள் வரிசையில் நின்றன; ஒன்றுகூட முண்டியடிக்கவில்லை, அதிலேயே அவை வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்தது. பறவைச் சரணாலயத்துச் சதுப்பை மண்ணடித்து மேடாக்கிக் கிடங்கு கட்டுவதென்று மேலே முடிவாகிவிட்டது. ‘யாருக்கும் உபயோகமில்லாத சேறு, ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்’ என்ற அறிவிப்பை, எந்த மனிதக் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று, இடுப்பளவுத் தண்ணீருக்கு நடுவே ஒரு கம்பத்தில் ஒட்டியிருந்தார்கள். இப்படியும் ஒரு பிழைப்பு! நாரைகள் படித்துவிட்டன. ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு தாள், தாள் நிறையச் சேற்றுத் தடம். தாளுக்குப் பஞ்சமில்லை, அலுவலகம் தன் பழைய கோப்புகளைச் சதுப்பில்தான் கொட்டிவந்தது.

கூடவே வந்திருந்தாள் சரணாலயத்துக் காவல்காரம்மா. இப்போது மண் விழுந்தால் கூட்டிலுள்ள குஞ்சுகள் அத்தனையும் உயிரோடு புதையும் என்று அவளுக்குத் தெரியும். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, கோழி கிண்டின மாதிரி?”

“கோழி இல்ல சார், நாரை. உங்க எழுத்து மட்டும் என்ன வாழுதாம்?”

“கையெழுத்து எங்க?”

“கைநாட்டு வாங்குறீங்கல்ல? இது கால்நாட்டு. சீல் போடுங்க.”

கால்நாட்டு கூடாதென்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. முத்திரை விழுந்தது. மேலதிகாரியோ ஒரு தாளையும் பிரிக்காமல் மொத்தமாக ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினார். வாயில்லா ஜீவன் என்றால் அவ்வளவு இளக்காரம்! மறுநாளே மண் லாரிகள் கரைக்கு வந்துவிட்டன. ஆனால் நிராகரிப்பு ஆணையை ஆட்சேபித்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே வேலை தொடங்கலாம் என்பது அவர்களே எழுதிவைத்த விதி. காவல்காரம்மா முதல் லாரிக்கு எதிரே நின்று அதைத் தொண்டை கட்டும்வரை வாசித்தாள்.

குமாஸ்தா ஆணைகளைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவர் நாலடி போனால் நாரைகள் எட்டடி தள்ளிப்போயின. குஞ்சுகள் சிறகடிக்கப் பழகின. பருவம் மாறியதும் எல்லாமே கடல் தாண்டின. திரும்பி வந்தவற்றில் யார் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் மூவர் ஆணையைப் பெற்றுக்கொண்டார்கள், அதில் ஒருவர் தின்றுவிட்டார். லாரி மண்ணில் கோரை முளைத்தது. மேலதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது, அது கிடைக்காமல் போகுமா. குமாஸ்தா மட்டும் விதி விதிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், நிஜமாகவே. இந்தப் பருவத்துக் கணக்கெடுப்பில் காவல்காரம்மா எழுதியிருப்பது: ஒற்றைக்காலில் நிற்பவை, அறுநூற்று நாற்பது. அதில் கண்ணாடி போட்டது, ஒன்று.