பூட்டிய கதவுக்கு ஓர் ஒத்திகை

காலை ஒன்பது மணிக்கு மிக்கேல்ராஜின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் ஜீப்பிலிருந்து நான்கு சிவப்பு சிலிண்டர்கள் இறங்கின. தீயணைக்கும் சிலிண்டர்கள். முந்தாநாள் இவை பக்கத்து எஸ்டேட்டில் இருந்தன. நாளை மலைக்கு அந்தப்புறம் இன்னொரு ஸ்டோருக்குப் போய்விடும். தொழிற்சாலைத் துறை ஆபீசர் எங்கே பரிசோதனைக்கு வருகிறாரோ, அவருக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். நான்கு முதலாளிகள் கூட்டாக வாங்கியது. இந்த மலையில் தீயும் முறைவைத்துத்தான் பிடிக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ!

சூப்பர்வைசர் சகாயம் சிலிண்டர்களைத் துடைத்துச் சுவரில் மாட்டினார். இருபது வருடமாக முதலாளி கிழித்த கோட்டைத் தாண்டாதவர். கெட்டவர் அல்ல, பயந்தவர். கெட்டவர்கள் நினைக்கிற காரியத்தில் பாதியை இப்படிப்பட்ட நல்லவர்கள்தான் செய்து முடிக்கிறார்கள்.

உள்ளே பன்னிரண்டு பெண்கள் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அவர்கள் உள்ளே போனதும் சகாயம் வெளியே பூட்டிவிடுவார். காய் மடியில் போய்விடுமாம்! மத்தியானம் திறக்கும்போது ஒவ்வொருத்தியும் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் சோற்றுக்குப் போகவேண்டும். ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை. சுவருக்கு அந்தப்பக்கம் காயை உலர்த்தும் விறகடுப்பு. இப்படி ஓர் அறையில் கோழியைக்கூட யாரும் அடைக்க மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அடுப்பிலிருந்து தெறித்த பொறி ஒரு சாக்கில் பிடித்தது. புகை அறையை நிறைத்தது. பெண்கள் கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். சாவியோடு சகாயம் கீழ்க்காட்டில் பச்சைக்காய் எடைபோட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓடிவந்து திறப்பதற்குள் அவர்களில் மாரீஸ்வரி மயங்கி விழுந்துவிட்டாள். சாக்கு ஈரமாக இருந்ததால் புகையோடு போயிற்று. "வெளிய பேச்சு வரக்கூடாது" என்றார் முதலாளி. மறுநாளே பூட்டு மறுபடியும் தொங்கியது. பட்டும் புத்தி வராத ஜென்மங்கள் உண்டு.

இன்று மட்டும் கதவு திறந்து கிடந்தது. மிக்கேல்ராஜ் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

"ஆபீசர் கேட்டா, ரெண்டு நிமிசத்துல வெளிய வந்துருவோம்னு சொல்லணும். ஏ முத்துப்பேச்சி, அந்தச் சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. போட்டோ எடுக்கணும்."

முத்துப்பேச்சி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. புருஷன் இல்லாதவள். இந்தக் கூலியில்தான் மகளின் நர்சிங் படிப்பு ஓடுகிறது.

"அதை எங்க அமுக்கணும்னு எங்கள்ல ஒருத்திக்கும் தெரியாது மொதலாளி. போட்டோவுல மட்டும் பிடிச்சு என்ன ஆகப்போகுது?"

"சொன்னதைச் செய். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"நாளைக் கதை நாளைக்கு. இன்னைக்கு இங்கதான இருக்கேன். ஆபீசர் வரட்டும்."

ஆபீசர் வந்தார். சிலிண்டர்களை எண்ணினார், எழுதினார். "தீப்பிடிச்சா எல்லாரும் வெளிய வர எத்தனை நேரம் ஆகும்?"

"ரெண்டே நிமிசம் சார்" என்றார் மிக்கேல்ராஜ்.

முத்துப்பேச்சி எழுந்தாள். "சார், தெனமும் இருக்க மாதிரி எங்களை வச்சுப் பாருங்க. வெளிய பூட்டுங்க. பெறகு மணி அடிங்க."

மிக்கேல்ராஜ் சிரித்தார். "இவளுக்குப் புத்தி சரியில்ல சார். இங்க யாரு பூட்டுறா? சகாயம், நீயே சொல்லு."

எல்லோரும் சகாயத்தைப் பார்த்தார்கள். அவர் கண் மாரீஸ்வரி மீது நின்றது. அவள் இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. போய்ப் பூட்டை எடுத்துவந்தார். பெண்களை உள்ளே வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தெனமும் இந்நேரம் நான் கீழ்க்காட்டுல இருப்பேன் சார். அங்க போய்ச் சேர்ந்ததும் கை காட்டுறேன். மணி அடிங்க."

நடந்தார். கீழே கை தெரிந்தது. மணி அடித்தது. உள்ளே பன்னிரண்டு பேரும் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். மிக்கேல்ராஜுக்கு வேர்த்தது. "கதவை ஒடைக்கச் சொல்லவா சார்?"

"பூட்டே இல்லைன்னு சொன்னீங்களே" என்றார் ஆபீசர், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சகாயம் மேடேறி ஓடிவந்து, மூச்சிரைக்கத் திறந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்று ஆபீசர் கேட்டார்.

"பயம் சார். பூட்டச் சொன்னது மொதலாளிதான். ஆனா பூட்டுனது என் கை. இனிமே இந்தக் கை பூட்டாது."

பின்பக்கம் இன்னொரு கதவு, இரண்டையும் உள்ளிருந்தே திறக்கும் வசதி, எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி. இவை முடியும்வரை ஸ்டோர் நடக்கக்கூடாது என்று ஆபீசர் எழுதிக் கொடுத்தார்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் இனி இங்க வேலை கெடையாது" என்று பல்லைக் கடித்தார் மிக்கேல்ராஜ்.

"அப்ப எங்களுக்கும் கெடையாது" என்றாள் மாரீஸ்வரி. மற்ற பத்துப் பேரும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். பறிப்புக் காலம் உச்சத்தில் இருந்தது. மிக்கேல்ராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தியும் தலை குனியவில்லை.

முத்துப்பேச்சிதான் பேசினாள். "சொவத்துல நாலு இல்ல, நானூறு சிலிண்டர் மாட்டுங்க மொதலாளி. தீப்பிடிச்சா மனுசன் ஓட வழி வேணும், அணைக்கத் தெரியணும். அது நீங்க போடுற பிச்சை இல்ல, எங்க உரிமை. கதவு வைங்க, வாரோம். பூட்டுக்குள்ள மட்டும் இனி ஒருத்தியும் வரமாட்டா."