பட்டன் வாங்கப் போன மாமியார்

மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. அச்சகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவள் அவள். குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று கணவனும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். மாமியாரோ தையற்காரி, காதில் விழுந்தால் அன்றைக்கே குட்டிச் சட்டை தைக்க உட்கார்ந்துவிடுவாள்.

அதனால், "ஃபிரெண்டைப் பாத்துட்டு வரேன் அத்தை" என்று கிளம்பினாள்.

"போயிட்டு வா. எனக்கும் பட்டன் வாங்கற வேலை இருக்கு."

கிளினிக்கில் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே வந்தது மாமியார்! திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருவரும் விழித்தார்கள்.

"இங்க பட்டன் விக்கிறாங்களா அத்தை?"

"உன் ஃபிரெண்டு வீடு இதுதானா?"

மாமியார் பக்கத்தில் அமர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசமா குளிக்கலம்மா. வயித்துல ஏதாவது தங்கிடுச்சோன்னு பயம். வீட்டுக்கு மருமக வந்தப்புறம் நான் பெத்தா நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும் அதே கதைதான். ஆனா நாங்க இப்ப வேணாம்னு இருக்கோம் அத்தை. உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

மாமியாரின் முகம் வாடும் என்று எதிர்பார்த்தாள். வாடவில்லை.

"என்கிட்ட என்னடி பயம்? நான்தான் கல்யாணமான வருஷமே பெத்துட்டு, ஒரு நாள் நிம்மதியா தூங்கலை. நீயாவது தூங்கு."

டாக்டரம்மா இருவரையும் சோதித்தார். இருவருக்கும் கர்ப்பம் இல்லை. மாமியாருக்கு மாதவிலக்கு நிற்கப் போகும் பருவம். இனி விட்டுவிட்டுத்தான் வரும், அதிகமாகப் போனால் உடனே வர வேண்டும் என்றார். மருமகளுக்குத் தூக்கம் கெட்டது காரணமாக இருக்கலாம். சில வாரங்களில் வராவிட்டால் மறுபடி பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருத்தமா அத்தை?"

"ஒரு துளி. ஆனா இத்தனை வருஷம் மாசா மாசம் துணி அலசினது போதும்டி."

அடுத்த வாரம் ஒரு காலை, குளியலறைக்குள்ளிருந்து மருமகள் கூவினாள்: "அத்தை, வந்துடுச்சு!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். "யாரு வந்தது?"

"உங்க தங்கச்சி இல்ல, பயப்படாதீங்க" என்றபடி மாமியார் வெந்நீர் வைக்கப் போனாள்.