நகரித் தெரு ஏறிய வண்டி

1960 மார்ச் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. நகரிக்கு இரண்டு மைல் இருக்கும்போது வேதாச்சலத்தின் வண்டிக்குப் பின்னால் வேட்டு வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தான். இடதுபக்கப் பின்சக்கரத்தின் மேலே பாரம் தாங்கும் இரும்பு வில்பட்டைகளின் கட்டில், எல்லாவற்றையும்விட நீளமான பட்டை இரண்டாக உடைந்திருந்தது.

பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் அது. பத்து வருஷமாக நகரிக்கும் திருப்பதிக்கும் நடுவே நூலும் புடவைக் கட்டும் சுமந்துகொண்டிருந்தது. பின்பக்கப் பட்டைகள் உரசி உரசித் தேய்ந்து, வளைவே இல்லாமல் பலகை மாதிரி ஆகி ரொம்ப நாளாயிற்று. பாரம் கொஞ்சம் கூடினாலும் டயர் மேல்தகரத்தில் இடிக்கும். மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

இந்த வாரம் தள்ளிப்போட முடியாது. பாலசமுத்திரத்தில் அவனுடைய அக்கா சந்திரம்மா, புருஷன் போன பிறகு மூன்று ஏக்கரை ஒண்டியாக நின்று பயிர் வைப்பவள். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மாடு கட்டி இறைத்து மாளவில்லை. நெல்லோ பால் பிடிக்கும் நேரம். அவள் எழுதிப்போட்டு வரவழைத்த ஆயில் இன்ஜின் சித்தூரில் வந்து இறங்கியிருந்தது. ஊருக்கே முதல் இன்ஜின். அதைப் பொருத்தித் தரும் மெக்கானிக் வியாழக்கிழமை ஒரு நாள்தான் வருவார். அதை விட்டால் பலமனேர், குப்பம் என்று சுற்றிவிட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் இந்தப் பக்கம். அதற்குள் நெல் பதராகிவிடும். ஊருக்குள் போகும் ஏரிக்கரைப் பாதையில் வர முடியாது என்று லாரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"நீ கொண்ணாந்துடுவே இல்ல, வேதா?" என்று அக்கா கேட்டபோது, "புதன்கிழமை சாய்ந்தரமே சித்தூர்ல இருப்பேன் யக்கா" என்று சொல்லியிருந்தான்.

வண்டியை உருட்டி உருட்டி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவன் மனைவி கன்னியம்மாள் தறியை விட்டு எழுந்து வந்து அடியில் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி சாஞ்சிக்கினு போவும். ரெண்டையும் மாத்திடு" என்றாள். தறி நூலை எடுத்து, உடையாத பக்கத்துப் பட்டையின் இரு முனையிலும் ஆணி மாட்டச் சுருட்டியிருந்த காதுகளில் ஒன்றிலிருந்து மற்றது வரை அளவு பிடித்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வேதாச்சலம் திருப்பதி போனான். பழைய பட்டாளத்து வண்டிகளைப் பிரித்து விற்கும் சிட்டிபாபுவின் கொட்டகையில், சப்பாத்திக்கள்ளிக்கு நடுவே கல்மேல் நின்றது இவன் வண்டியின் கூடப்பிறந்த பிறப்பு ஒன்று. சிட்டிபாபு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்.

"இது ஓடவே இல்ல நாயனா. தெச்சி, கொண்டாந்து நிறுத்தினாங்க, அப்டியே நிக்குது. பட்டை வளைவு பாரு."

பார்த்தான். வில் மாதிரி வளைந்திருந்தது. அகலம் சரி, கனம் சரி. வளைவோடு சேர்த்து நூலைப் பிடித்தபோது முடிச்சும் சரியாக வந்தது. மத்தியானம் முழுக்க இருவரும் கழற்றினார்கள். ஒரு பட்டைக் கட்டைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பஸ் கூரைமேல் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டர், விஷயத்தைக் கேட்டதும் தானே ஏணியில் ஏறிக் கயிறு பிடித்தார்.

புதன்கிழமை விடிந்ததுமே வேலை ஆரம்பமானது. துரு ஏறிய ஆணிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சம்மட்டியால் அடித்துக் கழற்றினான். இடதுபக்கம் பழைய கட்டு விழுந்தது, புதியது ஏறியது. முன்காது பொருந்தியது. நடு ஆணியும் அச்சின் குழியில் சரியாக உட்கார்ந்தது. பின்காதில்தான் வந்தது வினை. வளைந்த பட்டையின் காது, மாட்ட வேண்டிய கொக்கிக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

வளைவு அமுங்கினால் பட்டை நீளும். அதனால் பின்முனைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி, அச்சை ஜாக்கியால் தூக்கிப் பார்த்தான். பட்டை அசையவில்லை, வண்டிதான் மேலே போயிற்று. மணி பத்தாகிவிட்டது.

"வெறும் வண்டி, அதான் தூக்கிக்கினு போவுது" என்றாள் கன்னியம்மாள். "மேலே பாரம் வெச்சா?"

"எத்த வெக்கிறது? மூட்டையெல்லாம் இறக்கிட்டேனே."

கன்னியம்மாள் எதிரே இருந்த டீக்கடையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை முதல் திருத்தணி மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குப் போகிறது, நகரி ஆந்திராவோடு நிற்கிறது. அதனால் ஒரு வாரமாகத் தெருவில் பாதிப் பேர் தறிக்கே போகவில்லை. நகரியும் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிய நூல்கடைக் கோவர்த்தனன் ஆட்கள் ஒரு பெஞ்சில். நம்ம வியாபாரம் திருப்பதியில்தானே, ஆந்திராவிலேயே இருப்பதுதான் நல்லது என்ற முனிகிருஷ்ணன் ஆட்கள் எதிர் பெஞ்சில். இருவரும் பேசி நாலு மாதம் ஆகிறது.

அவள் நேராகப் போய் நடுவில் நின்றாள். சந்திரம்மாவின் நெல்லைச் சொன்னாள், நாளைக்கு வரும் மெக்கானிக்கைச் சொன்னாள். "பத்து நிமிஷம் வண்டி மேல ஏறி நிக்கணும். எல்லாரும்."

கோவர்த்தனன் எழுந்தார். முனிகிருஷ்ணனும் எழுந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். "அந்தாளு ஏர்ற வண்டில நான் ஏற மாட்டேன்."

"உன்ன யார் கூப்ட்டா? எங்க ஆளுங்களே போதும்" என்றார் முனிகிருஷ்ணன்.

"போதாது" என்றாள் கன்னியம்மாள். "அண்ணா, நீங்க ரெண்டு பேரும்தான் இந்தத் தெருவுல கனமான ஆளுங்க. இடதுபக்கம் மூலைல நிக்கணும், அங்கதான் பட்டை கீது."

பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பியது. இரண்டு பெரிய மனிதர்களும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பின்னால் இருபது பேர் ஏறினார்கள். சத்தம் கேட்டுத் தறி வீடுகளிலிருந்து பெண்கள் வந்து ஏறினார்கள். இடம் போதாமல் பின்பலகையில் தொங்கினார்கள்.

வண்டிக்கடியில், கால்களை வெளியே நீட்டிப் படுத்திருந்த வேதாச்சலம் ஜாக்கியை ஏற்றினான். பட்டை முனகியது. ஒரு விரற்கடை நகர்ந்தது.

"வருது, வருது. இன்னும் அந்தப் பக்கம் சாயுங்க."

கோவர்த்தனன் விழாமலிருக்க முனிகிருஷ்ணனின் தோளைப் பிடித்தார். முனிகிருஷ்ணன் அவர் இடுப்பைப் பிடித்தார். காது மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து கொக்கித் துவாரத்துக்கு நேரே வந்தது. கன்னியம்மாள் ஆணியை வைத்தாள். அவன் இரண்டே அடி அடித்தான், உள்ளே போய்விட்டது. மேலே இருந்தவர்கள் கைதட்டிய அதிர்வில் வண்டியே குதித்தது.

வலதுபக்கம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கூட்டத்துக்கு இப்போது வேலை பழகிவிட்டது. அந்த மூலைக்கு நகருங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் இறங்கியதும், முன்காலை மடித்துக்கொண்டு எழும் மாடு மாதிரி வண்டியின் பின்பக்கம் எழும்பி நின்றது. வேதாச்சலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். சோறு துன்னுட்டுப் போ என்ற கன்னியம்மாளிடம், வழியில பாத்துக்கலாம், நீயும் ஏறு என்றான்.

அன்று சாயங்காலம் அவர்கள் சித்தூரில் இருந்தார்கள். மறுநாள் காலை எட்டுப் பேர் சேர்ந்து இன்ஜினை ஏற்றினார்கள். வண்டி நாலு விரல் இறங்கி அதோடு நின்றது. டயருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. ஏரிக்கரையின் பள்ளங்களில் அவன் முதலில் ஊர்ந்தான். பிறகு நம்பிக்கை வந்து கொஞ்சம் வேகம் கூட்டினான். பக்கத்தில் கன்னியம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாலசமுத்திரத்தில் மெக்கானிக் அவர்களுக்கு முன்பே வந்து கிணற்றடியில் காத்திருந்தார். மத்தியானம் தாண்டி இன்ஜினும் பம்பும் மேடையில் ஏறின, பெல்ட் மாட்டியாயிற்று. மெக்கானிக் கைப்பிடியைச் சுழற்றினார். புகைக்குழாய் இருமியது, நின்றது. மறுபடி சுழற்றினார். இந்த முறை படபடவென்று பிடித்துக்கொண்டது. மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு தொடை தடிமனுக்குத் தண்ணீர் பாய்ந்து வந்தது.

சந்திரம்மா வாய்க்காலில் இறங்கி நின்றாள். தண்ணீர் அவள் முழங்காலை மோதிக்கொண்டு ஓடியது.

"இப்டி வேகமா வந்தா வரப்பு தாங்காதே, வேதா" என்று கத்தினாள். அவள் குரலில் பயம் இல்லை.

வேதாச்சலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடினான். மடையை வெட்டிவிட்டு, அடுத்த மடைக்கு ஓடினான். கன்னியம்மாளும் ஒரு மண்வெட்டியோடு பின்னாலேயே வந்து உடைந்த வரப்பை அடைத்தாள். கடைசிக் கழனியில் தண்ணீர் நுழைந்து, வெடித்துக் கிடந்த மண் சொர்ரென்று குடிக்கும் சத்தம் கேட்கும்வரை மூவரும் நிற்கவில்லை.