ராணி ஏறிய படிகள்

பார்வையாளர்களுக்கு வெளிக்கதவு திறப்பதற்குள் கடற்பக்கத் தாழ்வாரத்து மணலைக் கூட்டி எடுத்தாக வேண்டும். இரவெல்லாம் காற்று கொண்டுவந்து கொட்டியிருக்கும். பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தாலும் காய்ந்ததும் தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். மறுபடி துடைக்க வேண்டும். கோடையில் காற்று வாங்க ராஜா கட்டிய அரண்மனை அது. காற்று தாராளமாக வந்தது.

பெரியக்கா வாளியைச் சுவரோரம் தள்ளிவிட்டு வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் வீங்கியிருக்கா?" என்றாள் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தவள். வாயாடி என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"மெதுவா பேசுடி."

"யாருக்குக் கேக்கப்போகுது, கடலுக்கா?"

முதுகு பிடித்துக்கொண்டதென்று லீவு கேட்ட ஒருத்தியை, சூப்பர்வைசர் போன மாதம் அப்படியே வீட்டில் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டான். மாடி ஏற முடியாதவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று மற்றவர்களையும் நிற்கவைத்துச் சொன்னான். அன்றிலிருந்து பெரியக்கா அவன் பார்க்கும்போதெல்லாம் நொண்டாமல் நடந்தாள்.

வேலைக்காரர்கள் மாடிக்குப் போகத் தனி வழி. இரண்டு சுவர்களுக்கு நடுவே சுருண்டு ஏறும் கல்படிகள். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் உயரம், ஜன்னல் கிடையாது. சமையற்கட்டிலிருந்து தட்டு தூக்கிப் போகிறவர்கள் ராஜகுடும்பத்தின் கண்ணில் படக்கூடாதென்று கட்டியது. ராஜகுடும்பம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது பார்வையாளர்கள் கண்ணில் படக்கூடாது.

நடுக்கூடத்துப் பெரிய படிக்கட்டு பளிங்கு. நாலு விரல் உயரத்துக்கு மேல் ஒரு படியும் இல்லை. ராணிக்கு முழங்கால் வலி என்று ராஜா முதலில் கட்டியதை இடித்துவிட்டு மறுபடி கட்டினார். இதைப் பார்வையாளர்களுக்குச் சொல்வது பெரியக்காவின் மகள். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், வரலாறு படித்தவள், வழிகாட்டி. அவளுக்கும் தற்காலிக வேலைதான்.

மத்தியானம் சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "இன்னைக்கு வாளியோட பெரிய படியில ஏறிப் போயிடும்மா. கூட்டத்தை நான் மேல ராணியோட அறையில நிறுத்தி வைக்கிறேன். சூப்பர்வைசர் சாப்பிட வெளிய போயிருப்பான்."

"திரும்பி வந்துட்டான்னா?"

"குனிஞ்சு துடை," என்றாள் வாயாடி. "துடைக்கிறவள எவன் பாக்கறான்? அன்னைக்கு நான் ராணி சோபாவுல சாஞ்சு உக்காந்திருந்தேன். ஆளு வர்ற சத்தம். சட்டுனு இறங்கி சோபா காலைத் தேச்சேன். 'இன்னும் நல்லா தேய்மா'ன்னு சொல்லிட்டுப் போறான்."

பெரியக்கா சிரித்ததில் சோறு புரையேறியது.

பெரிய படியில் கால் வைத்ததும் அவளுக்கே நம்ப முடியவில்லை. முழங்கால் மடங்கியதே தெரியவில்லை. தண்ணீர் தளும்பவில்லை. பாதிக்கு மேல் ஏறி, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கீழே செருப்புச் சத்தம். சூப்பர்வைசர், கூடவே கோட்டு போட்ட ஒரு விருந்தாளி. பெரியக்கா உடனே மண்டியிட்டு, துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"பார்வை நேரத்துல இங்க என்ன வேலை?"

பெரியக்கா வாய் திறப்பதற்குள் மேலே, கூட்டத்தோடு வந்து நின்ற மகள் சொன்னாள்: "நான்தான் சார் கூப்பிட்டேன். யாரோ ஜூஸைக் கொட்டிட்டாங்க."

சூப்பர்வைசர் படியை உற்றுப் பார்த்தான். "ஜூஸ்னா ஒரு படியோட நிக்குமா? பிசுபிசுன்னு கீழ வரைக்கும் ஒழுகியிருக்கும். ஒரு படி விடாம துடைச்சுக்கிட்டே இறங்கு."

"நான் துடைச்சுடறேன் சார்."

"அது உன் வேலை இல்லம்மா. நீ சார்கிட்ட அந்த முழங்கால் கதையைச் சொல்லு. கேக்கணும்னு ஆசையா வந்திருக்காரு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். சும்மா இரு என்பதுபோல் பெரியக்கா தலையை லேசாக ஆட்டினாள். எழுந்து நின்றால் நொண்டுவது தெரிந்துவிடும். அவள் நிமிராமல், பின்பக்கமாக, முழங்காலை ஒரு படி கீழே இறக்கினாள். பளிங்கில் எலும்பு இடித்தது. துடைத்தாள். அடுத்ததற்கு இறக்கினாள்.

"ராணிக்கு," என்று மகள் ஆரம்பித்தாள். விருந்தாளி பக்கம் திரும்பிக்கொண்டாள். "ராணிக்கு முழங்கால் வலி இருந்தது. அதனால, ஏறும்போதும் இறங்கும்போதும் அவங்க கால் அதிகம் மடங்கக்கூடாதுன்னு ராஜா இந்தப் படிகளை இவ்வளவு தாழ்வா அமைச்சாரு."

"எவ்வளவு பிரியம் பாருங்க," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

மேலே நின்ற கூட்டம் கைப்பிடி ஓரமாக இறங்கி வந்தது. ஈரத்தில் செருப்புத் தடங்கள் விழுந்தன. சூப்பர்வைசர் அதை விரலால் சுட்டிக்காட்டினான். பெரியக்கா துணியைப் பிழிந்துகொண்டு, இறங்கிய படிகளில் முழங்காலாலேயே திரும்ப ஏறினாள்.