வாயாடி சொன்ன படகு

வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று அம்மா சொல்வாள். லாரி ஓட்டும் அப்பா அலுத்துப்போய் வீடு திரும்பும் நாட்களில், "கொஞ்சம் மூச்சு விடும்மா, நாங்களும் உள்ள வரணும்ல" என்பார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. வெளிநாட்டு ஊழியத்துக்கு இளம்பெண் ஒருத்தி வேண்டும் என்று கேட்டு வந்தபோது சபையே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

போய் இறங்கிய இடத்தில் அவளுக்கு வாயே இல்லாமல் போயிற்று.

அது ஆறு கடலில் கலக்கும் ஊர். குளிர்காலம் முழுக்க மூடுபனி தெருவில் குடியிருந்தது. எதிரே வருகிறவர்களின் செருப்புச் சத்தம் முதலில் வரும், பிறகு கோட்டு, கடைசியில்தான் முகம். அக்கரை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அவள் பார்த்ததில்லை. சில காலைகளில் தான் இன்னும் விமானத்திலேயே தூங்கிக்கொண்டிருப்பதாகவும், இந்த ஊர் ஜன்னலுக்கு வெளியே போகும் மேகம் என்றும் அவளுக்குத் தோன்றும்.

அவளோடு ஊழியத்தில் இருந்தவளை அவள் அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா முன்பு நர்ஸ். அந்த ஊர் மொழியைக் கரைத்துக் குடித்தவள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடி அறையில் இருவரும் தங்கினார்கள். ஞாயிறு ஆராதனையும் அங்கேதான். பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை பாட்டுப் புத்தகங்களில்கூட ஏறியிருந்தது.

வந்த கொஞ்ச நாளில் அக்காவுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. "நீ தனியா போய்ட்டு வா. ஒரே ஒரு வாக்கியம் போதும். சிரிச்ச முகமா சொல்லு" என்று காற்றாகப் போன குரலில் அனுப்பி வைத்தாள்.

அந்த வாக்கியத்தை வாயாடி குளிக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் உருப்போட்டாள். 'உங்களுக்காக மீட்பர் வருகிறார்.' கதவுகளைத் தட்டினாள், சொன்னாள். சிலர் புன்னகைத்தார்கள். சிலர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கதவை மூடினார்கள். ஏன் ஆற்றைக் காட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஏதோ ஆழமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வீட்டில் மட்டும் கதவு மூடவில்லை. மூன்றாவது மாடியில் இருந்த தையற்காரி, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். வாக்கியத்தைக் கேட்டதும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள்.

"யாரு அனுப்பினது?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி வாயாடிக்குத் தெரியும். பாடத்தில் இருந்தது. "உங்களை நேசிக்கிறவர்" என்றாள். அந்த மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான்.

"இன்னுமா? நான் பேசின பேச்சுக்கு அப்புறமுமா?"

"எல்லாத்தையும் மன்னிச்சாச்சு."

தையற்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வரும்?"

"அது யாருக்கும் தெரியாது. ஆயத்தமா இருங்க."

தையற்காரி அவள் கன்னத்தைத் தொட்டாள். தெருவில் இறங்கியபோது வாயாடியின் கால் தரையில் படவில்லை. முதல் ஆத்துமா! அம்மாவிடம் ஃபோனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

சில நாள் கழித்து, கீழே சைக்கிள்கடைக்காரர் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, வீடு வீடா போய்ப் படகு வருது, படகு வருதுன்னு சொல்றியாமே? பாலம் கட்டினதுமே படகை நிறுத்திட்டாங்களே. யாரு உனக்குச் சொன்னது?"

"படகா? நான் மீட்பர்னு..." அவள் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினாள்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெட்டிச் சொன்னால் மீட்பர், இழுத்துச் சொன்னால் படகு. அவள் நன்றாக, ஆசையாக, இழுத்து இழுத்துச் சொல்லியிருந்தாள்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது. "மூணாவது மாடி தையற்காரம்மா கிட்டயும் சொன்னியா? அதான் தினமும் பெட்டியோட படகுத்துறையில போய் உக்காந்திருக்கு போல."

அவர்தான் கையையும் காட்டி, அவளுக்குப் புரியும்படி மெதுவாகக் கதையைச் சொன்னார். தையற்காரியின் தங்கை அக்கரையில் கோழிப் பண்ணை வைத்திருக்கிறாள். அவர்கள் அம்மா இறந்தபோது பனியில் படகு ஓடவில்லை. தையற்காரி வருவதற்குள் தங்கை அடக்கம் செய்துவிட்டாள். மண்ணைப் போட்ட பிறகு வந்து சேர்ந்தவள், நீயாகப் படகு அனுப்பிக் கூப்பிட்டாலொழிய இந்தக் கரையில் கால் வைக்க மாட்டேன் என்று கத்திவிட்டுத் திரும்பியவள்தான். பாலம் வந்தும் போகவில்லை.

வாயாடி மேலே ஓடி அக்காவின் கட்டிலில் விழுந்து அழுதாள். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, இருமலும் சேர்ந்து வந்தது. பிறகு அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"போய் உண்மையைச் சொல்லு. நான் வந்தா நானே பேசிடுவேன். அது உன் வேலை."

மறுநாள் காலை படகுத்துறையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்சம் நடந்ததும் ஒரு பெட்டி தெரிந்தது. அதன் பக்கத்தில் போர்வை சுற்றிய தையல் மெஷின். பிறகு தையற்காரி. தலை வாரி, நல்ல கோட்டு போட்டிருந்தாள்.

வாயாடி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த சொற்களையெல்லாம் பொறுக்கிச் சொன்னாள். "அம்மா, நான் தப்பா சொல்லிட்டேன். படகு இல்ல. உங்க தங்கச்சி எதுவும் சொல்லி அனுப்பல. அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னது கடவுளைப் பத்தி."

தண்ணீர் கட்டைகளில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ அனுப்பலையா?"

"இல்லம்மா."

"இங்க உக்காந்து அவளைப் பாத்து என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு தினமும் பேசிப் பேசிப் பாத்தேன். கோவமெல்லாம் பேசியே தீந்துபோச்சு. இனி வீட்டுக்குப் போய் நான் என்ன பண்றது, சொல்லு?"

எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி இல்லை. பனிக்குள் யாரோ வலையை உதறும் சத்தம் வந்தது. அவள் எழுந்து அந்தச் சத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஒரு மீனவர் படகில் குனிந்து நின்றார்.

"படகு" என்றாள். வேண்டுமென்றே இழுத்துச் சொன்னாள். "அந்த அம்மாவுக்கு. அக்கரைக்கு. தயவுசெஞ்சு."

மீனவர் பெட்டியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "பஸ்ஸுல போனா என்ன?"

"பஸ்ஸுன்னா அவங்க போக மாட்டாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வலையை ஓரமாக ஒதுக்கினார்.

படகு கிளம்பியதும் கரை கரைந்துபோயிற்று. மேலும் கீழும் ஒரே நிறம். மோட்டார் சத்தம்கூடப் பஞ்சுக்குள் வைத்தாற்போல் கேட்டது. ஒரு பறவை திடீரென்று வந்து, படகின் விளிம்பில் உட்கார்ந்து, யோசித்துவிட்டுப் போனது. தையற்காரி மெஷினை மடியில் அணைத்திருந்தாள். எங்கும் போகாமல் நடுவில் நின்றுகொண்டிருக்கிறோமோ என்று வாயாடிக்கு இருந்தது. அப்படியே நின்றாலும் பரவாயில்லை என்றும் இருந்தது. ஊரை விட்டு வந்த நாள் முதல் நெஞ்சில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த வெள்ளையில் தளர்ந்தது. அவள் ஜெபிக்கவில்லை. ஆனால் யாரோ கூட இருந்தார்கள்.

அக்கரையில் முதலில் கோழிகளின் சத்தம் வந்தது. பிறகு ஒரு வேலி, தீவன வாளியோடு ஒரு பெண். தையற்காரியின் அதே மூக்கு, அதே தாடை. வாளி கையிலேயே இருந்தது.

"யாரு, நீயா?"

"நான்தான்."

"மெஷினை எதுக்குத் தூக்கிட்டு வந்தே? கோழிக்குச் சட்டை தைக்கவா?"

"நீ போட்டிருக்கிற சட்டையைப் பாத்தா அதுக்கு முன்னாடி வேற வேலை இருக்கு."

தங்கை வாளியைக் கீழே வைத்தாள். கோழிகள் பாய்ந்து வந்து அதைக் கவிழ்த்தன. இரண்டு பெண்களும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்து நின்றார்கள்.

அரை மணி நேரத்தில் சமையலறையில் சண்டை தொடங்கியது. நீ காத்திருக்கவில்லை, நீ வேகமாக வரவில்லை. அம்மா கடைசியாக யார் பெயரைச் சொன்னாள் என்பது வரைக்கும் போயிற்று. "உன் பேரைத்தான்டி சொன்னா, போதுமா?" என்று தங்கை கரண்டியை மேஜையில் அடித்தாள். அதன்பின் இருவரும் அழுதார்கள். வாயாடி ஒரு மூலையில் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

சூப் கிண்ணங்களை வைத்துவிட்டு, "கடவுள் பொண்ணுதானே நீ, ஏதாவது சொல்லு" என்றாள் தங்கை.

அந்த மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணை மூடினாள். தமிழில் தொடங்கினாள். இந்த இரண்டு பேருக்காக, கோழிகளுக்காக, காய்ச்சலில் கிடக்கும் அக்காவுக்காக, லாரியில் போகும் அப்பாவுக்காக, வலையை விட்டுவிட்டு வந்த மீனவருக்காக என்று அது மழை மாதிரிக் கொட்டியது. கண் திறந்தபோது சூப் ஆறிப்போயிருந்தது. இருவரும் கை கூப்பியபடியே இருந்தார்கள்.

"என்ன சொன்னா?" என்று தங்கை கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். ஆனா ஒண்ணும் விடல" என்றாள் தையற்காரி.

தையற்காரி அங்கேயே தங்கிவிட்டாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் ஆராதனைக்கு வந்தார்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு பாடினார்கள். சபையில் சேரவில்லை. மறுபடி வரவும் இல்லை. பெட்டி நிறைய முட்டைகள் மட்டும் அவ்வப்போது வந்தன. முட்டை வந்த நாட்களில் அக்கா, "உன் ஆத்துமாக்கள் அனுப்பியிருக்கு" என்று கிண்டல் செய்வாள். வாயாடிக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் முட்டையை உடைக்கும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் உடைத்தாள்.

வெயில் காலம் வந்து ஒரு நாள் பனி மொத்தமாக விலகிற்று. மீன் வாங்கப் போனவள் அக்கரையை முதல் தடவையாகப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். சரிவில் அரிசி சிந்தினாற்போல் கோழிகள் மேய்ந்தன. கொடியில் நீல நிறத்தில் புதுச் சட்டை ஒன்று காற்றில் உப்பியிருந்தது. அவள் கையில் மீன் பையோடு, வெயில் உறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.